மூன்று மூலை நட்சத்திரங்கள்

நான் எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் முதலில் கோடு கோடாக விழுந்தன. அதைச் சரிசெய்த பிறகு மூன்று மூலையோடு விழுந்தன. கோட்டுக்குக் காரணம் மணல் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. மூன்று மூலைக்குக் காரணம் தெரிவதற்குள் மார்கழியே முடியப் பார்த்தது.

தொலைநோக்கி அப்போது என்னுடையது இல்லை. சென்னையில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவருடையது. மகனோடு அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார், அங்கே வானம் பார்க்க இடமில்லை என்று கைமாற்றிவிட நினைத்திருந்தார். "எடுத்துட்டுப் போய் வெச்சுப் பாருங்க. ஒத்து வந்தா வாங்கிக்கோங்க. ஆனா பொங்கலுக்கு முன்னாடி ஒரு முடிவு சொல்லிடுங்க, இன்னொருத்தர் கேட்டுட்டே இருக்கார்" என்றார். அடியில் வட்டக் கண்ணாடி வைத்த, தவில் நீளத்துக்கு இருக்கும் வெள்ளைக் குழாய். மோட்டார் வைத்த ஸ்டாண்டும் உண்டு. வானம் நகர நகர அதுவும் கூடவே நகரும்.

நான் மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோரில் வேலை பார்ப்பவன். வீடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில். மனைவியின் வீட்டில் எல்லோரும் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்கள். எனக்குப் படகில் ஏறினால் தலை சுற்றும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை ஏரியில் கூட்டிக்கொண்டு போய், பாதி வழியில் என்னைத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் விட்டார்கள். அதிலிருந்து மனைவியின் தம்பிக்கு நான் என்றால் ஒரு தனிப் பாசம். நோஞ்சான் பிள்ளையிடம் வைக்கிற மாதிரியான பாசம். படகு இன்ஜின் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரன். தொலைநோக்கியை மீஞ்சூர் ஸ்டேஷனிலிருந்து தன் லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவனும் அவன்தான். நான் அதை ரயிலில் கொண்டுவந்து அவனிடம் கொடுத்துவிட்டு நைட் ஷிப்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தபோது குழாய் கட்டிலின் மேல் போர்வை போர்த்திப் படுத்திருந்தது.

வடக்கே ஏரிப் பக்கம் நல்ல இருட்டு. தெற்கேதான் துறைமுகத்து விளக்குகள். அதனால் வீட்டுக்குப் பின்னால் வடக்கு பார்த்து ஸ்டாண்டை நிறுத்தினேன். அதன் கால்கள் மணலில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்தன. படம் எடுக்கிற நேரத்துக்குள் நூலளவு இறங்கினாலே போதும், நட்சத்திரம் கோடாகிவிடும். துணி துவைக்கிற கல்லைப் பெயர்த்து, இன்னும் இரண்டு கல்லும் கொண்டுவந்து காலுக்கு ஒன்றாகப் பதித்தேன். கோடு நின்றது.

"துவைக்கற கல்ல எட்த்து வானத்துக்கு வெச்சுட்ட. நான் எதுல துவைக்கறது?" என்றாள் மனைவி. மறுநாள் வேறு கல் வாங்கி வந்து போட்டேன்.

கோடு போன பிறகுதான் மூலை தெரிந்தது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வொரு நட்சத்திரமும் சமோசா மாதிரி இருந்தது. படத்தின் ஓரத்தில் மட்டும் இப்படி இருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். இந்த வகைத் தொலைநோக்கியில் ஓரத்து நட்சத்திரங்களுக்கு வால் முளைப்பது வழக்கம்தான் என்று படித்திருந்தேன். இங்கே நட்டநடுவில் இருந்ததும் சமோசாதான்.

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். காற்றாக இருக்குமோ என்று தார்ப்பாய் கட்டி மறைத்தேன். குழாயின் சூடு ஆறவில்லையோ என்று சாயங்காலமே வெளியில் வைத்தேன். அடிக்கண்ணாடியையும் குழாயின் வாய்ப்பக்கம் இருக்கிற சின்னக் கண்ணாடியையும் நேர்ப்படுத்தும் திருகுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதற்கும் மூலை போகவில்லை. பிறகு கேமராவைக் கால் சுற்று திருப்பிவைத்து ஒரு படம் எடுத்தேன். குறை கேமராவில் என்றால், அதை எப்படித் திருப்பினாலும் படத்தில் மூலை ஒரே பக்கம்தான் பார்க்க வேண்டும். மூலை வேறு பக்கம் பார்த்தது. அப்படியானால் குறை குழாய்க்குள் இருக்கிறது. குழாய்க்குள் மிச்சம் இருந்தது அடிக்கண்ணாடி ஒன்றுதான்.

கண்ணாடியே கோணல் என்று முடிவு செய்தேன். ஆனால் ஒரு பெரியவரிடம் போய் உங்கள் கண்ணாடி சரியில்லை என்று எப்படிச் சொல்வது? நான் வைத்திருந்த நாளில்தான் கெட்டதோ என்று அவர் நினைத்தால்? ஒத்து வரவில்லை என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. எனக்கென்று நான் ஆசைப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த பொருள் அது ஒன்றுதான். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, குழாயைப் போர்வையில் சுற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தேன். மைத்துனன் இறால் பையோடு உள்ளே வந்தான்.

"இன்னா மாமா, மூட்ட கட்டற?"

"திருப்பிக் குடுத்துடலாம்னு."

"ஏன்? இன்னா ஆச்சு?"

"வெள்ளி கோணலா வருதாம்" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. அவர்கள் வீட்டில் நட்சத்திரம் எல்லாமே வெள்ளிதான். "வூட்ல ஃபேன் கோணலா சுத்துது, அது கண்ணுக்குத் தெரியல. வானத்துல இருக்கற வெள்ளி கோணலா இருக்குதாம். ரெண்டு நாளா துன்னல, தூங்கல."

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவன் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"கண்ணாடி கெட்டுப்போயிருக்கும்" என்றேன்.

"அது எப்டி கெடும்? நான்தான் சும்மா கல்லு மாதிரி டைட்டு பண்ணி வெச்சேனே."

கயிற்றை விட்டுவிட்டேன். "எதை?"

"அந்தக் கண்ணாடியத்தான். வர வழியில கடகடனு ஆடிக்கினே வந்துது மாமா. பேஜாராப் போச்சு எனக்கு. மாமா ஆசையா வாங்கினது, ரோட்ல ஒடஞ்சா இன்னா பதில் சொல்றதுனு, ஷெட்டுல நிறுத்தி அடிப்பக்கத்த கழட்டினேன். மூணு கிளிப்பு இருந்துது. ரப்பர் வெச்சு மூணையும் இறுக்கிட்டேன். அப்பறம் ஒரு சத்தம் இல்ல."

மூன்று கிளிப். மூன்று மூலை. எனக்குச் சிரிப்பு வந்தது.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. முகத்துவாரம் தாண்டிப் போகிற படகில் ஒரு போல்ட் லூசாக இருந்தாலும் இன்ஜின் கழன்று தண்ணீருக்குள் போய்விடும். அதனால் படகைத் தள்ளுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்கிப் பார்ப்பார்கள். அவனுக்குக் கரையிலும் அதே கைதான். எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயை அவன் மூடிவிட்டுப் போனால் திறக்க அவனைத்தான் திரும்பக் கூப்பிட வேண்டும்.

எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"என்னாலயா மாமா?"

"கண்ணாடி கொஞ்சம் ஆடணும்டா. இறுக்கிப் புடிச்சா வளஞ்சுடும்."

"இவ்ளோ தடி கண்ணாடியா? வளயுமா?"

"நம்ம கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்துக்குத் தெரியும்."

அவன் இறால் பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மனைவி எட்டிப் பார்த்தாள். "டேய், மூஞ்சிய தொங்கப் போடாத. உங்க மாமா பத்து வார்த்த சேத்துப் பேசினதே இன்னிக்குத்தான். கழட்டி வெச்சுட்டுப் போ."

முற்றத்தில் பாய் விரித்து, குழாயின் அடிப்பாகத்தைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்து வைத்தோம். வெயிலில் கூரையும் எங்கள் இரண்டு பேர் முகமும் அதில் பெரிதாகத் தெரிந்தன. நாள்காட்டித் தாளில் ஒரு துண்டு கிழித்தேன். கிளிப்பின் ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அந்தத் துண்டு தடையில்லாமல் நுழைந்து வரவேண்டும், அதுதான் கணக்கு. அவன் திருகினான், நான் தாளை நுழைத்துப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

"இன்னுமா?"

"இன்னும்."

"வுழுந்துடப் போவுது மாமா."

"வுழாது."

அவன் கை ஒவ்வொரு தடவையும் தளர்த்திவிட்டு, தன்னை அறியாமல் மறுபடி கொஞ்சம் இறுக்கியது. இரண்டாவது கிளிப்பில் அதை அவனே கவனித்தான். "சீ, இந்தக் கை" என்று அதன்மேலேயே ஒரு தட்டு தட்டினான். மூன்றாவதை என்னிடம் கொடுத்தான். "நீயே பண்ணு மாமா. உன் கைக்குத்தான் பலமே கெடயாதே." அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பொழுது சாய்ந்ததும் வெளியில் வைத்துக் கண்ணாடிகளை நேர்ப்படுத்தினேன். இருட்டியது. கார்த்திகைக் கூட்டம் நல்ல உயரத்துக்கு வந்திருந்தது. முதலில் வேண்டுமென்றே குவியத்தைக் கலைத்து, ஒரு நட்சத்திரத்தை அகலமாக்கிப் பார்த்தேன். நேற்று வரை இப்படிப் பார்த்தால் முக்கோணமாக விரியும். இப்போது தோசைக்கல் மாதிரி வட்டமாக விரிந்தது. குவியத்தைத் திருப்பிவைத்துப் படம் எடுத்தேன். மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மைத்துனன் மூச்சுவிட்டாலும் ஆடிவிடும் என்று பயந்து வேலியோரம் போய் நின்றுகொண்டான்.

படம் வந்தது. பெரிதாக்கினேன். ஒன்றுகூட மூலையோடு இல்லை. நீல நிறத்தில் உருண்டை உருண்டையாக இருந்தன. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொரு நட்சத்திரமாக விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"இப்போ போன் போடு" என்றான்.

"நாளைக்குப் பேசிக்கறேன்."

"நாளைக்கு நீ பேச மாட்ட. எனக்குத் தெரியாதா? இப்பவே போடு."

போட்டேன். பெரியவர் எடுத்தார். என்ன விஷயம் என்று கேட்டார். நான் மைத்துனனைப் பார்த்தேன். அவன் வாயைத் திறக்காமல் கையால் உருண்டை காட்டினான்.

"நட்சத்திரம் உருண்டையா இருக்கு சார்" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். "அப்போ கேட்டுட்டு இருக்கற அந்த இன்னொருத்தருக்கு இல்லேன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லிடுங்க சார். நானே வெச்சுக்கறேன்."

போனைக் கீழே வைப்பதற்குள் அவன் வீட்டுப் பக்கம் திரும்பி, "அக்கா, வெளிய வந்து பாரு" என்று குரல் கொடுத்தான். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்கி வானத்தில் அந்தக் கூட்டம் எது என்று தேடினாள். நான் பக்கத்தில் நின்று கையை நீட்டிக் காட்டினேன்.