ஐந்து குரலில் ஒன்றைத் தேடிப் பருத்தித்துறைக்கு

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை ஏழரை மணி. கொக்குவிலில் எங்கள் வீட்டு வாசலில் வசந்தனின் ஓட்டோ வந்து நின்றது. நானும் மனைவி சரசுவும் ஏறினோம். என் மடியில் ஒரு சின்னப் பெட்டி, அவள் மடியில் துணி சுற்றிய இசைத்தட்டு, காலடியில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு கான். கரையோரம் போகும்போது வீட்டுத் தண்ணீரைக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். அங்கே கிணறுகள் உவர். எங்கள் கிணறோ ஊரிலேயே பேர்போனது. அந்தப் பேரை வாங்கிக் கொடுத்ததில் என் வாய்க்கும் பங்குண்டு.

"ஐயா, பெட்டிக்குள்ளை என்ன, முட்டையே? இப்பிடி அணைச்சுப் பிடிக்கிறியள்," என்றான் வசந்தன்.

"முட்டையெண்டால் பொரிச்சாவது சாப்பிடலாம், தம்பி," என்றாள் சரசு.

பெட்டியில் இருந்தது கார்ட்ரிட்ஜ். றெக்கோட் பிளேயரின் கை நுனியில், ஊசியைத் தாங்கி நிற்கும் சின்னச் சாமான். மகள் கனடாவிலிருந்து கொண்டுவந்து தந்தாள். இதன் ஊசி முனை மிக மெலிது. சாதாரண ஊசி எட்டிப் பார்க்காத இடமெல்லாம் போகும். ஆனால் இது எழுப்பும் ஒலியும் மெலிது. அதைத் தூக்கிக் கொடுக்கும் கருவி என்னிடம் இல்லை, பருத்தித்துறைச் சின்னராசாவிடம் இருக்கிறது. கப்பலில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், என்னைப் போலவே இசைத்தட்டுப் பைத்தியம்.

சரசு கொண்டுவந்த தட்டில் ஒரு முருகன் பாட்டு இருக்கிறது. பள்ளிக்கூட நாளில், பின்னால் சேர்ந்து பாடிய ஐந்து பெண்களில் அவளும் ஒருத்தி. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் போட்டு, "கேளுங்கோ, உந்தக் கணீரெண்ட குரல் சரசுவின்ரை" என்று பெருமையடித்து வந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் குசினிக்குள் சமைத்தபடியே, "அது நானில்லை, கமலா" என்பாள். அப்படியானால் உன் குரல் எது என்றால் சொல்லமாட்டாள். "கட்டின மனிசன்தானே, கண்டுபிடியுங்கோ" என்பாள். எனக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. அந்தக் குரலைப் பிடிக்கத்தான் இந்தப் பயணம்.

இருபாலை, கோப்பாய் கழிந்து நீர்வேலி. இருபக்கமும் செம்மண்ணில் வாழைத் தோட்டம், தெருவோரத்தில் வெட்டிய குலைகள். வல்லை வெளிக்கு வந்ததும் காற்று ஓட்டோவையே தள்ளியது; பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். நெல்லியடி தாண்டிப் பருத்தித்துறை சேர்ந்தபோது எட்டேமுக்கால். முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட.

"வாங்கோ அண்ணை, வாங்கோ அக்கா," என்று வரவேற்ற சின்னராசா, தண்ணீர்க் கானைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். "எங்கடை வீட்டிலை தண்ணி இல்லையெண்டு நினைச்சியளோ?"

"கோவிக்காதையும். பழகின வாய்," என்றேன்.

யாருடைய கார்ட்ரிட்ஜ் திறம் என்று நானும் சின்னராசாவும் வைக்கும் போட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. கேட்கிறவர் சுவரைப் பார்த்து இருக்கவேண்டும். எந்தக் கார்ட்ரிட்ஜ் ஓடுகிறது என்று சொல்லப்படாது. முதலில் ஒன்று ஓடியது. பாட்டு இதமாக வந்தது; ஆனால் ஐந்து குரலும் குழைந்த சோறாக ஒன்றாய்க் கிடந்தன. மாற்றிப் போட்டார். கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று ஒரே இரைச்சல்.

"முதல் ஓடினது என்ரை," என்றேன் உறுதியாக.

"இல்லை அண்ணை, இப்ப வெடிக்கிறதுதான் உங்கடை."

எனக்கு முகம் செத்துவிட்டது. உடனே அவருடைய ஊரின்மேல் பழியைப் போட்டேன். "உங்கடை கடற்காத்துத்தான். உப்புப் பிடிச்சிருக்கும்."

சின்னராசா தன்னுடைய தட்டொன்றை எடுத்து என் கார்ட்ரிட்ஜில் போட்டார். பட்டுப்போல ஓடியது. வயலினில் வில் திரும்புவது கூடக் கேட்டது.

"கடற்காத்து என்ரை தட்டுக்கும்தானே அடிக்குது? உங்கடை தட்டை எதிலை கழுவினனீங்கள்?"

"எங்கடை கிணத்துத் தண்ணியிலைதான். மாசாமாசம். உந்தத் தண்ணி மாதிரி வேறை எங்கை கிடைக்கும்?"

சரசு சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணி தளும்பியது. "இஞ்சாருங்கோ, எங்கடை தண்ணி கொதிக்கிற கேத்திலுக்குள்ளை எட்டிப் பாத்திருக்கிறியளோ? அடியிலை வெள்ளையாய்ப் படிஞ்சு கிடக்கிற சுண்ணாம்பை ஆர் சுரண்டுறது? அதுதான் தட்டிலையும் படிஞ்சிருக்கு."

எங்கள் வலிகாமத்துக் கிணறு சுண்ணாம்புக் கல்லைக் குடைந்தது. குடிக்க இனிக்கும், காய்ந்தால் கல்லாகும். பெருமையோடு நான் கழுவிய ஒவ்வொரு முறையும் தட்டின் வரிப்பள்ளங்களுக்குள் சுண்ணாம்பைப் பூசியிருக்கிறேன். தடித்த சாதாரண ஊசி அதன் மேலால் வழுக்கிப் போயிருக்கிறது. என் மெல்லிய ஊசி ஆழத்துக்குப் போய் ஒவ்வொரு பருக்கையிலும் இடறியிருக்கிறது.

மருந்தும் சரசுவே சொன்னாள், கேத்திலுக்குச் செய்கிற அதே வைத்தியம். சின்னராசாவின் தொட்டியில், கூரையால் பிடித்த மாரி மழைத்தண்ணீர் நிறைய இருந்தது. அதில் சுண்ணாம்பைக் கரைக்கும் வினாகிரி சில துளி விட்டு, நடுவில் ஒட்டிய தாள் நனையாமல் மெல்லத் துடைத்தாள். பிறகு வெறும் மழைத்தண்ணீரில் அலசி நிழலில் வைத்தாள். அது காயும் வரை பருத்தித்துறை வடையைக் கடித்துக்கொண்டிருந்தோம். எனக்கோ என் கையாலேயே அவள் குரலை அழித்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

மத்தியானம் மறுபடி சுவரைப் பார்த்து இருந்தேன். முதலில் பழையபடி குழைந்த சோறு, சின்னராசாவின் ஊசி. அடுத்தது என்னுடையது. வெடிப்பு முற்றாக நிற்கவில்லை, அங்கொன்று இங்கொன்று. ஆனால் குரல்கள் பிரிந்து நின்றன, ஐந்து பெண்களும் தோளோடு தோள் நிற்பது தெரிந்தது. கணீரென்றது கமலா. அவளுக்குக் கீழே, ஒட்டியும் ஒட்டாமலும், கொஞ்சம் கரகரத்த ஒரு குரல். வரி முடியும்போது மற்றவர்கள் விட்டுவிட, அது மட்டும் ஒரு மூச்சுக்கு நீண்டது. காலையில் எனக்குத் தேத்தண்ணி வைக்கும்போது முணுமுணுக்கிற அதே நீட்டல். அது நீளும் இடத்தில் கையை உயர்த்தினேன்.

திரும்பிப் பார்த்தேன். சரசு சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றாள். "நீட்டினதுக்குப் பாட்டு வாத்தியாரிட்டை பேச்சும் வாங்கினனான்."

"அண்ணை, உந்தக் கார்ட்ரிட்ஜை எனக்கு ஒரு கிழமை தாங்கோ," என்றார் சின்னராசா. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தரமாட்டேன் என்றேன்.

நாலு மணிக்கு வசந்தன் வந்தான். புறப்படுகிறபோது, கொண்டுபோன கிணற்றுத் தண்ணீரைச் சின்னராசாவின் பூமரங்களுக்கு ஊற்றிவிட்டு, அதே கானில் அவர் தொட்டித் தண்ணீரை நிறைத்துக்கொண்டேன்.

வல்லை வெளியில் வசந்தன் திரும்பிப் பார்த்தான். "ஐயா, பருத்தித்துறைத் தண்ணியை ஆரும் கொக்குவிலுக்குக் கொண்டு போவினமே? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்," என்றேன், காற்றையும் மீறி. "என்ரை மனிசி பாடின தட்டுக் கழுவுறதுக்கு."

"மெல்லக் கதையுங்கோ," என்றாள் சரசு. நீர்வேலி வந்தபோது அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வரி முடிகிற இடத்தில் நீட்டினாள், இந்த முறை வேண்டுமென்றே.