கண்மாய்க்குள் ஒரு ரவுண்டானா

நடந்தது இது:

1. தங்கச்சிமடம் சவேரியார் அண்ணன் மண்டபம் ஊரில் கருவாட்டு லாரி ஓட்டியவர். வளைகுடாவில் ஒரு சின்ன ஷேக் நாட்டு அரசாங்கம் அவரைத் தண்ணீர் லாரி ஓட்டக் கூப்பிட்டது.
2. பம்பாயில் கப்பல் ஏற ஒன்பது நாள் இருந்தது.
3. அந்த நாட்டார் ஒரு பாரம், அதாவது சோதனைப் படிவம், அனுப்பியிருந்தார்கள். ரவுண்டானா, சிக்னல் விளக்கு, மேடு ஆகிய மூன்றிலும் ஓட்டிப் பார்த்ததாக இங்குள்ள அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும்.
4. ராமநாதபுரத்தில் மூன்றும் இல்லை.
5. அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும். பாரத்திலேயே படம் போட்டிருந்தது.

நான் நெடுஞ்சாலை ஆபீசில் ட்ரேசராக, அதாவது மேப்பைப் பார்த்து நகல் வரைகிறவளாகச் சேர்ந்து அப்போது மூன்று மாதம். பிரேக் இன்ஸ்பெக்டர் மாதம் ஒரு நாள் மதுரையிலிருந்து வந்து எங்கள் காம்பவுண்டில் லைசென்ஸ் டெஸ்ட் நடத்துவார். எங்கள் ஜில்லாவின் பெரிய ஆபீஸ்கள் அடுத்த ஜில்லாவில் இருந்தன. அதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. அன்று கேம்ப். அடுத்த கேம்ப் வருவதற்குள் கப்பல் போய்விடும்.

இன்ஸ்பெக்டர் பாரத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"ஏன்யா, வலப்பக்கம் ஓட்டிக் காட்டுனா நான் உம்மேல கேஸ் எழுதணும். கேஸ் இருக்கான்னு இந்தப் பாரத்துலயே கேள்வி இருக்கு. இடப்பக்கம் ஓட்டுனா அவங்க கணக்குல நீ பெயிலு."

"சரியா ஓட்டுனா பெயிலு, தப்பா ஓட்டுனா கேஸா சார்? மண்டபத்து வேலைய விட்டுட்டு வந்துட்டேன். மொதலாளி என் எடத்துல வேற ஆளப் போட்டுட்டாரு."

நான் மோட்டார் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.

"சார், பொது இடத்துல ஓட்டுனாத்தான் குத்தம். பெரிய கண்மாய் மேப்புல நீர்நிலை. போன வாரம் நான்தான் நீலம் பூசினேன்."

"உள்ள தண்ணி இருக்கா?"

"இல்ல சார். மேப்புல இருக்கு."

"மேப்புல இருந்தாப் போதும்."

வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் முப்பது அடி ஆரத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டேன். கரை, மேடாயிற்று. பியூன் கருப்பையா ரோடு வேலைச் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் பிடித்தார். மஞ்சள் விளக்குக்கு அவருடைய மஞ்சப்பை. சவேரியார் அண்ணன் எங்கள் ஜல்லி லாரியில் ஏறினார். முதல் சுற்றிலேயே கை பழக்கத்துக்குத் திரும்பி இடப்பக்கம் பிடித்தது.

"அண்ணே, கோயில் சுத்துற மாதிரி வலமா வராதீக! எதிர்த்தாப்ல, இடமாச் சுத்துங்க!" என்று கருப்பையா கத்தினார்.

"ஏலே, பதினஞ்சு வருசமா ஒழுங்கா ஓட்டுன கை இது. கெட்டுப்போக நேரம் வேணும்ல!"

மூன்றாவது சுற்றில் கெட்டது. மஞ்சப்பையைப் பார்த்து வேகம் குறைத்தார், சிவப்புக்கு நின்றார். குறுக்கே வந்த ஆடுகளைப் 'போக்குவரத்து' என்று இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். கையெழுத்தும் போட்டார். சவேரியார் அண்ணன் பாரத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "வாரேன் தங்கச்சி" என்று சொல்லி ரயிலுக்கு ஓடினார். கப்பல் கிடைத்தது.

தப்பு நான் செய்தது. மதுரை ஆபீசுக்குப் போன பாரத்தின் நகலில், யாரும் கேட்காமலே, 'சோதனை நடந்த இடம்: பெரிய கண்மாய்' என்று டைப் அடித்துச் சேர்த்தேன். முழுமையாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மதுரை கேட்டது: நீர்நிலையில் லாரி எப்படி ஓடியது?

எழுதினேன்: தண்ணீர் இல்லை.

மதுரை எழுதியது: தண்ணீர் இல்லையென்றால் ஜனங்கள் நடக்கிற இடம்; நடக்கிற இடம் பொது இடம்; பொது இடத்தில் வலப்பக்கம் ஓட்டிய டிரைவர் நேரில் ஆஜராக வேண்டும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். விதியைப் படிக்கும்போது அது எந்த இடத்துக்குப் பொருந்தும் என்ற வரியை முதலில் படியுங்கள். கேட்காத கட்டத்தை நிரப்பாதீர்கள்.

இன்றைய நிலை: சவேரியார் அண்ணன் அங்கே தண்ணீர் லாரி ஓட்டுகிறார், நல்ல பெயர். இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். தங்கச்சிமடத்துக்குப் போன நோட்டீஸ் இரண்டு முறை திரும்பி வந்தது. வரும் கோடையில் அண்ணன் லீவில் வருகிறார்; வந்தால் முதலில் மதுரைக்குப் போக வேண்டும். கோப்பு இன்னும் மூடப்படவில்லை.