தையலக்காவின் வயிறு

தையலக்கா (1957–2020). பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கையெழுத்துப் போடும் இடங்களில் மட்டும் அதைப் பயன்படுத்தினார். அச்சகத்திலும் தெருவிலும், நாளடைவில் சொந்த வீட்டிலும்கூட அவர் தையலக்காதான்.

அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் புத்தகம் தைப்பது அவர் தொழில். அச்சாகி மடித்து வரும் தாள்தொகுதியைப் பாரம் என்பார்கள். பாரங்களை வரிசைப்படி அடுக்க வேண்டும். முதற்பாரத்துக்கும் கடைசிப் பாரத்துக்கும் பசை தடவி வெற்றுத்தாள் ஒட்ட வேண்டும். பிறகு ஊசியும் நூலும் கொண்டு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்துத் தைக்க வேண்டும். அட்டை போடுவது வேறு மேசையின் பொறுப்பு. தையலக்கா தைத்த புத்தகத்தை எந்தப் பக்கத்தில் விரித்தாலும் மேசைமேல் மல்லாந்து கிடக்கும், தானாக மூடிக்கொள்ளாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாற்பத்தைந்தாம் வயதில் வயிற்று வலி வந்தது. வந்தது என்பதைவிடக் குடியேறியது என்பதே பொருத்தம். தொப்புளைச் சுற்றி ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் வலிக்கும், வயிறு உப்பும், பிறகு கழிப்பறைக்கு ஓட்டம். தின்றது உடம்பில் ஒட்டவில்லை. ஓராண்டுக்குள் ஆள் பாதியாகி, ரவிக்கைகளை எல்லாம் பிரித்துப் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

வலியோடு வேலை பார்க்க அவர் சில வழிகளைக் கண்டு வைத்திருந்தார். புத்தகக் கட்டுகளை அமுக்க வைக்கும் தடித்த மரப்பலகை ஒன்றை வயிற்றுக்கும் மேசை விளிம்புக்கும் இடையில் செருகி, அதன்மேல் சாய்ந்துகொள்வார். வலி ஏறும்போது மூச்சை அடக்காமல், ஊசி உள்ளே போகையில் இழுத்து, வெளியே வருகையில் விடுவார். அதற்கும் அடங்காவிட்டால் தாள் அறையில் போய்ச் சுருண்டு படுப்பார். தணிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து தைப்பார்.

தாள் வெட்டும் இயந்திரத்தில் நிற்பவரைக் கட்டர் அண்ணன் என்று கூப்பிடுவார்கள். அவருக்கு வாய் சும்மா இராது.

“என்னக்கா, பலகையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? மாமா பாத்தா கோவிச்சுக்கப் போறாரு.”

“உங்க மாமாவ விட இது பரவால்ல அண்ணே. சாஞ்சா நகராம நிக்குது.”

வாயுத் தொல்லை என்றார் ஒரு மருத்துவர். குடற்புண் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் மனக்கவலை என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். கடைசியாகப் பார்த்த குடல் மருத்துவர்தான் வாய்வழியே குழாய் செலுத்தி, சிறுகுடலிலிருந்து ஊசிமுனை அளவு சதையெடுத்துச் சோதித்து, சீலியாக் நோய் என்று உறுதிசெய்தார்.

“கோதுமையில குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கும்மா. உங்க குடலுக்கு அது ஆகாது. ரொட்டி, பன், பிஸ்கட், கோதுமை, மைதா, ரவை, எதுவும் வாயில படக்கூடாது. துளி போனாலும் குடல் மறுபடி புண்ணாகும்.”

“எத்தனை நாளைக்கு டாக்டர்?”

“ஆயுசுக்கும்.”

வீட்டில் சமையலறை கணவருடைய அக்காளின் ஆட்சியில் இருந்தது. தையலக்கா அவரை அண்ணி என்பார். கைம்பெண், தம்பி வீடே தம் வீடென்று வாழ்பவர். மருத்துவர் சொன்னதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தம்பி மனைவிக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனித் தட்டு. ரொட்டி வாங்கி வந்தால் அதை வெட்டும் கத்தியைக்கூட ஜன்னலுக்கு வெளியேதான் வைத்தார். சோறும் காய்கறியும் தவிர எதுவும் தையலக்காவின் தட்டில் விழாமல் கண்கொத்திப் பாம்பாகக் காத்தார்.

இவ்வளவு செய்தும் வலி குறைந்ததே தவிரப் போகவில்லை. ஆறு மாதம் ஆயிற்று. இடையில் இயந்திரப் பழுதால் அச்சகம் சில நாள் மூடிக் கிடந்தது. அந்த நாள்களில் தையலக்காவுக்கு வலி வெகுவாகத் தணிந்திருந்தது. அச்சகம் திறந்ததும் பழையபடி பிடித்துக்கொண்டது. கணவரின் அக்காள் இதைக் கவனித்தார். கவனித்ததை அன்றைய இரவுச் சாப்பாட்டில் போட்டு உடைத்தார்.

“நான் கேக்கறேன்னு தப்பா நெனைக்காதே. வீட்டுல இருந்தா நல்லா இருக்கே. வெளிய போனா வலி வருது. அப்ப வெளியிலதானே ஏதோ உள்ள போகுது?”

“என்ன அண்ணி சொல்றீங்க?”

“அச்சாபீஸ் வாசல்ல டீக்கடை இருக்கா இல்லையா? கண்ணாடி ஜாடியில பன்னு இருக்கா இல்லையா? நாக்கு நாலு முழம் இருந்தா நான் எத்தனை பாத்திரத்தக் கழுவி என்ன பிரயோசனம்?”

தையலக்கா கணவரைப் பார்த்தார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இயந்திரங்களோடு பேசும் அளவுக்கு மனிதர்களோடு பேசாதவர். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: “அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்கே.”

“அப்ப நான் திருட்டுத்தனமாத் திங்கிறேங்கிறீங்க.”

“திருட்டுத்தனம்னு யாரு சொன்னா? வேலைய விட்டுட்டு வீட்டோட இரு. வலி நிக்குதான்னு பாத்துருவோம். இந்த மாசம் முடிஞ்சதும் மொதலாளிகிட்ட நானே வந்து சொல்றேன்.”

தையலக்காவுக்கு வலியைவிட அது பெரிதாக வலித்தது. வீட்டில் அவர் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தம்பி மனைவி. தைக்கும் மேசையில்தான் அவர் அவராக இருந்தார். அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் மறுநாளே வேறொருவர் உட்கார்ந்துவிடுவார் என்பதும் அவருக்குத் தெரியும். தின்னாத பன்னுக்காக அது போகப் போகிறது. தின்னவில்லை என்று எப்படி நிரூபிப்பது? வயிறு அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த மாதம் முடிவதற்குள் ஒருநாள் முற்பகலில் கணவரின் அக்காள் அச்சகத்துக்குள் நுழைந்தார். கையில் மோர்ப் பாத்திரம். மறந்து வைத்துவிட்டுப் போனதைக் கொண்டுவந்தாராம். மறக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். முதலில் தேநீர்க் கடைக்காரரை விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார். “அந்த அம்மா டீயே குடிக்க மாட்டாங்களே” என்று அவர் சொன்னது அண்ணிக்குத் திருப்தி தரவில்லை.

“நீ உன் வேலையப் பாரு. நான் இப்படி உக்காந்து மூச்சு வாங்கிட்டுப் போறேன்” என்று தாள் கட்டின்மேல் அமர்ந்தார். மேசையின் இழுப்பறையையும் கைப்பையையும் கண்ணால் துழாவினார்.

தையலக்கா தம் வேலையைப் பார்த்தார். மேசையோரத்தில் பசைச் சட்டி. இரு விரல்களால் பசையை அள்ளித் தாளின் ஓரத்தில் இழுத்தார், வெற்றுத்தாளை ஒட்டி நீவினார். அடுத்த பாரத்தைப் பிரிக்க அதே விரலை நாக்கில் தொட்டார். நூல் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கி ஊசியில் கோத்தார். தைத்து முடித்து, மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மறுபடி பசை, மறுபடி நாக்கு.

அண்ணி இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்னடி இது?”

“பசை அண்ணி.”

“பசைன்னா? எதுல செஞ்சது?”

“மைதாவுலதான். தெனம் காலையில நான்தான் கிண்டுவேன். அன்னன்னிக்கே தீந்துரும், அதனால கெடாம இருக்கப் போடற துத்தம் கித்தம் எதுவும்...” தையலக்கா பேச்சை நிறுத்தினார். விரல் உதட்டுக்குப் பாதி வழியில் நின்றது.

“அடிப்பாவி! பன்னத் தேடி வந்தேன். நீ சட்டியோட தின்னுக்கிட்டிருக்கியே!”

கட்டர் அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினார். பைண்டிங் பிரிவே திரும்பிப் பார்த்தது. தையலக்கா தம் விரல்களைப் பார்த்தார். நகக்கண்களில் பசை காய்ந்து வெள்ளையாகத் தோல் உரிந்துகொண்டிருந்தது. மருத்துவர் மைதா என்றபோது அவருக்குத் தின்பண்டங்கள்தாம் நினைவுக்கு வந்தன. பசையை அவர் ஒருநாளும் உணவென்று எண்ணியதில்லை. ஊசியைப்போல, கத்தரியைப்போல அதுவும் ஒரு வேலைச் சாமான். சட்டியில் கிண்டியவரும் அவரே, பத்தியம் இருந்தவரும் அவரே. இரண்டையும் சேர்த்துப் பார்க்க மூன்றாவது ஆள் வேண்டியிருந்தது. அதுவும் குற்றம் கண்டுபிடிக்க வந்த ஆள்.

அழுகை வரும்போலிருந்தது, சிரிப்புதான் வந்தது. “பிடிச்சிட்டீங்க அண்ணி” என்றார்.

“பின்ன? நான்தான் சொன்னேன்ல, வெளியிலதான் ஏதோ உள்ள போகுதுன்னு!”

மருத்துவரிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, பசையின் பக்கமே போகக்கூடாது, கிண்டும்போது பறக்கும் மாவும் ஆகாது என்றார். முதலாளி முதலில் முனகினார். பசையை மாற்றினால் அட்டை பிரிந்து ஆர்டர் திரும்பி வரும் என்றார். பிறகு வேலையைப் பிரித்துக்கொடுக்க ஒப்புக்கொண்டார்: பசை வேலை முழுவதும் அடுத்த மேசைப் பெண்ணுக்கு, அவருடைய தையலெல்லாம் தையலக்காவுக்கு. மேசையை ஜன்னலோரம் தள்ளிப் போட்டார்கள். நாக்குக்குப் பதில் கிண்ணத்தில் ஈரப் பஞ்சு. பல்லுக்குப் பதில் கத்தரி.

விடுவதற்கு ரொட்டி எளிதாக இருந்தது. பல ஆண்டுகளாகத் தானாகவே நாக்குக்குப் போய்ப் பழகிய விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கட்டர் அண்ணன் அதற்கும் ஒரு வழி செய்தார். விரல் மேலே போகும்போதெல்லாம், “அக்கா, நாக்கு!” என்று கத்துவார். சில நாளில் பிரிவு முழுவதும் கத்தத் தொடங்கிற்று. ஒருமுறை தாள் விற்க வந்த வெளியாள் பயந்துபோய்த் தம் நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வேலையை விடும் பேச்சை வீட்டில் யாரும் திரும்பப் பெறவில்லை; யாரும் மறுபடி எடுக்கவுமில்லை. மாதம் முடிந்த அன்று கணவர் அச்சகத்துக்கு வந்தார். முதலாளியைப் பார்க்காமல் நேரே ஜன்னலோர மேசைக்குப் போனார். அதன் ஒரு கால் ஆடியது. சட்டைப்பையிலிருந்து திருப்புளி எடுத்து முடுக்கிவிட்டுப் போனார். பேசியது அவ்வளவுதான். அக்காளோ கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. “டாக்டருங்க எல்லாம் தோத்த எடத்துல நான் கண்டுபிடிச்சேன்” என்று தெருவில் சொல்லி மகிழ்ந்தார். தையலக்கா பக்கத்தில் நின்று ஆமென்று தலையாட்டினார்.

குடல் ஆறச் சில மாதங்கள் பிடித்தன. இடையில் மறதியாக அடுத்த மேசைப் பெண் பசைக் கையோடு எடுத்துக் கொடுத்த நூலைக் கடித்து அறுத்து, மறுபடி சுருண்டு படுத்தார். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் அதே நாற்காலியிலிருந்து தைத்து, முறைப்படி ஓய்வு பெற்றார். வயிற்று வலி என்று சொல்லி அவர் கடைசியாக வேலையைப் பாதியில் விட்டு வீடு திரும்பியது 2004ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9ஆம் நாள்.