ஒல்லாந்துப் பூக்களும் ஒரு தாமரை மொட்டும்

பயந்தாங்கொள்ளி என்று என்னை யார் சொன்னாலும் கோபம் வராது. உண்மையைச் சொன்னால் என்ன கோபம்? அந்த அறுவடைக் காலத்தில் காக்கிச் சட்டையைக் கண்டாலே வேறு தெருவில் திரும்பிவிடுவேன்.

ஆட்சி மாறி, சுவரெல்லாம் கறுப்பும் சிவப்புமாக இருந்தது. வயலில் எதுவும் மாறவில்லை. கூலி நெல் கூட்டிக் கேட்டவர்கள் ஒரு பக்கம், வெளியூர் ஆட்களை இறக்கிய மிராசுதார்கள் ஒரு பக்கம். நான் அரிவாளோடு வயலில் இறங்கும் குடும்பத்தில் பிறந்தவள். கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு, வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தேன். விவசாயக் கூலிகள் சங்கத்தில் இருந்த என் தம்பியைப் போலீஸ் தேடியது. அவன் என் வாடகை வீட்டுப் பரணில் ஒளிந்திருந்தான். எனக்குத் தம்பி இருப்பதே அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

மிராசுதார் வீட்டுக் கூடத்தில் ஒரு பூப்படம் தொங்கியது. ஒல்லாந்தர், அதான் டச்சுக்காரர்கள், நாகப்பட்டினத்தை விட்டுக் கிளம்பியபோது போட்டுவிட்டுப் போனது, முன்னோர் ஏலத்தில் எடுத்தது என்று அந்த வீட்டில் பெருமை. பளிங்கு மேடைமேல் ஜாடி, வழிய வழியப் பூக்கள், ஓரத்தில் ஒரு குருவிக்கூடு, இதழில் நீர்த்துளி. அதே பாணியில் நம் ஊர்ப் பூக்களை வைத்து ஒன்று வரைந்து தரச் சொல்லி அந்த வீட்டம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார். பள்ளி விட்டதும் போவேன், வாசல் வழியாகத்தான். காபி மட்டும் அவர்களுக்கு வெள்ளி டம்ளரில் வரும், எனக்குக் கண்ணாடி டம்ளரில். பற்றிக்கொண்டு வரும். குடித்துவிட்டு வரைவேன்.

"இந்தப் பூவெல்லாம் ஒரே மாசத்துலயா பூக்கும் டீச்சர்?" என்று ஒருநாள் அம்மா கேட்டார்.

"இல்லம்மா. ஒவ்வொண்ணும் பூக்குற வரைக்கும் காத்திருந்து, நேர்ல பாத்துத்தான் வரைவாங்களாம். ஒரு படம் முடிய வருஷமே ஆயிடுமாம்."

"நல்ல பொறுமைதான்" என்று சிரித்தார்.

அன்று சாயங்காலம் நான் வரைந்துகொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டர் வந்தார். மிராசுதாரோடு உட்கார்ந்து காராசேவு தின்றவர், திடீரென்று எழுந்து தொப்பியால் அந்தப் பழைய படத்தில் ஓர் அடி போட்டார். "சனியன் புடிச்ச ஈ!" ஈ பறக்கவில்லை. ஒல்லாந்துக்காரன் இதழ்மேல் வரைந்துவைத்த ஈ அது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அசடு வழிய உட்கார்ந்தவர் சொன்னார்: "அந்த சங்கத்துப் பய இந்த ஊர்லதான் இருக்கான் சார். காபி குடிச்சதும் கிளம்புறோம். பள்ளிக்கூடத் தெருவுலேர்ந்து ஆரம்பிச்சு வீடு வீடாப் பாத்துடுவோம்."

என் வீடு பள்ளிக்கூடத் தெருவில்தான். தூரிகையிலிருந்த சிவப்பு என் படத்தில் சொட்டியது. எப்படியோ எழுந்து நின்றேன்.

"அம்மா, தாமரைய நேர்ல பாத்து வரையணும். குளத்துல பறிச்சிட்டு வந்துடறேன்."

"இந்நேரத்துக்கா? தாமரை கூம்பியிருக்குமே" என்றார் அம்மா.

ஆண்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இத்தனை பூ இருக்க, அந்த வேளையில் எனக்குத் தாமரைதானா வாயில் வரவேண்டும்? தம்பியை நானே காட்டிக்கொடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அம்மா சொட்டியிருந்த சிவப்பைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"அட, மறந்தே போச்சு. மொட்டாத்தான் வரையணும்னு நேத்தே சொன்னியே. கொல்லை வழியாப் போ, அதான் கிட்ட."

நேற்று நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.

எங்கள் சனங்களை அந்த வீட்டில் கொல்லை வழியாகத்தான் விடுவார்கள். செத்தாலும் அதில் கால் வைக்க மாட்டேன் என்று வீம்பாக இருந்தவள், அன்று அதே வழியில் வாய்க்கால் கரையோரம் விழுந்தடித்து ஓடினேன். பரணில் தூங்கியவனைக் காலைப் பிடித்து இழுத்தேன். "வர்றாங்கடா!" அவன் சட்டைகூடப் போடவில்லை. கொல்லைப்புறமாக இறங்கி, அறுக்காமல் நின்ற நெல்லுக்குள் குனிந்து போனான். அவன் போகிற வழியெல்லாம் கதிர் அசைந்தது. ஊரே பார்ப்பதுபோல எனக்கு உயிர் துடித்தது. பிறகு அசைவு தெரியவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு அழலாம் போலிருந்தது. ஆனால் மொட்டோடு திரும்பாவிட்டால் மாட்டிக்கொள்வோம். குளத்தில் இறங்கி ஒன்றைப் பறித்து, நனைந்த புடவையோடு திரும்பினேன்.

கூடத்தில் அம்மா மட்டும் இருந்தார்; இன்ஸ்பெக்டரோடு மிராசுதாரும் கிளம்பிப் போயிருந்தார். மொட்டை வாங்கிச் செம்பில் வைத்தார். வளையல்கள் செம்பில் பட்டு விடாமல் ஒலித்தன. அவர் கையும் நடுங்குகிறது என்று அப்போதுதான் பார்த்தேன்.

"யாரு?" என்று மெல்லக் கேட்டார்.

"தம்பிம்மா."

"போயாச்சா?"

தலையாட்டினேன்.

"உக்காந்து வரை. எங்க வீட்டுக்காரர் வந்தா படம் எவ்வளவு ஆச்சுன்னு பாப்பாரு. படத்துல ஒண்ணும் நடக்கலைன்னா உன்னையும் கேப்பாரு, என்னையும் கேப்பாரு."

வரைந்தேன். ஜீப் சத்தம் கேட்கிறதா என்று இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மொட்டில் ஒரு கோடுகூட நேராக விழவில்லை. ஒல்லாந்துக்காரன் பார்த்திருந்தால் என் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்கியிருப்பான். அன்று தேடியவர்களுக்கு யாரும் அகப்படவில்லை. மறுவாரம் போனபோது, அந்த மொட்டைத் திருத்தித் தருகிறேன் என்றேன். அம்மா தொடவிடவில்லை.