போதும் என்பது கேட்காத உடம்பு

வில்மார் அரிஸ்மெந்தி பிரியாபோலிஸ் கடற்கரையில் விசில் ஊதியே கிழவரானவர். அலையில் மாட்டிக்கொண்டவர்களை இழுத்துக் கரையில் போடுவது அவர் வேலை. ஊரில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது ஞாயிற்றுக்கிழமை மாத்தே என்கிற இலைக் கஷாயத்தை ஒரே குடுவையில் மாறி மாறிக் குடிக்கப் போகும் நான் மட்டும்தான். நான் நெலிடா, பக்கத்து வீடு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வெயில் தின்ற முதுகில் இருந்த மச்சம் புற்றாகி நுரையீரலுக்குப் பரவியபோது, தலைநகர் மொந்தேவிதேயோ ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை நான்தான் கூடப் போனேன். வேறு யார் இருக்கிறார்கள் அவருக்கு? டாக்டர் ரொசீனா சின்னப் பெண். மேசை மேலிருந்த தன் மாத்தே குடுவையைத் தொட்டுக் காட்டினாள்.

"மாத்தே ஊத்தித் தர்றவங்க, நாம 'நன்றி' சொன்னாத்தான் நிறுத்துவாங்க, இல்லையா? நோயோட சண்டை போடற அணுக்களும் அப்படித்தான். அதுங்க மேல ஒரு காது இருக்கு. 'நான் உன் ஆளு, போதும்'னு உடம்பு சொன்னா அடங்கிடும். புத்துநோயும் அதையே சொல்லி ஏமாத்துது. இந்த மருந்து அந்தக் காதை அடைச்சிடும்."

"அப்ப என் குடல் போதும்னு சொன்னா?" என்றார் வில்மார்.

"அதுவும் கேக்காது. குடலையே தாக்க ஆரம்பிச்சிடும். வயித்தால போச்சுன்னா அன்னிக்கே எனக்கு ஃபோன் பண்ணணும்."

மருந்து ஏற ஏறக் கட்டி சுருங்கியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு தனியாகப் பஸ் ஏறுவார். கல்யாணத்துக்கா போறே என்று கிண்டல் செய்வேன்.

ஒரு ஞாயிறு, முதல் மாத்தேயை உறிஞ்சிவிட்டுக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தார். "நன்றி."

தெர்மாஸ் வெந்நீர் காலியாகும்வரை விடாத மனுஷன். அப்போதுதான் பார்த்தேன், சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா வயித்தால போகுது?"

"ரெண்டு வாரம் இருக்கும். மாத்தே இலை பழசு போல."

"இலை மேல பழி போடாதே. அறிவு இருக்கா உனக்கு? குடல் ஓட்டையாகிச் சாகணுமா?"

"சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க, நெலிடா."

"கட்டிதான் சுருங்கிடுச்சே."

"கட்டியை யாரு நெனச்சா? அங்க மருந்து ஏத்தற நர்ஸ் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நல்லாத் தூங்கினீங்களா வில்மார்'னு கேக்கும். பக்கத்து நாற்காலிக்காரன் எனக்குன்னு பிஸ்கட் எடுத்து வெச்சிருப்பான். இங்க யாரு கேக்கறா?"

முதலில் கோபம்தான் வந்தது. ஞாயிறு தவறாமல் வருகிறேனே, நான் யாராம்? அப்புறம் மற்ற ஆறு நாட்களை நினைத்துப் பார்த்தேன். டாக்டருக்கு நானே ஃபோன் செய்தேன்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், குடல் பிழைத்தது. ஆனால் அந்த மருந்தை இனி கொடுக்க முடியாது என்று ரொசீனா சொல்லிவிட்டாள். கட்டி எத்தனை காலம் அடங்கியிருக்கும் என்று அவளுக்கும் தெரியவில்லை.

அவர் வீடு திரும்பிய மறுநாள் செவ்வாய்க்கிழமை. தெர்மாஸோடு போய்க் கதவைத் தட்டினேன். சவரம் செய்யாத முகத்தோடு திறந்தார்.

"இன்னிக்கு ஞாயிறு இல்லையே?"

"தெரியும். நல்லாத் தூங்கினியா?"

வழிவிட்டு நகர்ந்தார். கண் கலங்கியிருந்தது. உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்தேன். தண்ணீர் ஆறி, இலை சாரமற்றுப் போன பிறகும் அவர் நன்றி சொல்லவில்லை. குடுவையை என் பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தார்.