நொலீன் தன்னைப் பற்றி எழுதியது

நொலீன் டக்கெட் பொய் சொல்லி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. தன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் பாதிக்குப் பாதி பொய்தான் வரும். எல்லாம் தன்னைக் குறைத்துச் சொல்லும் பொய்.

ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் பல வருடம் சமைத்துப் போட்டுவிட்டு, நாற்பதுக்குப் பிறகு படித்து ஆசிரியை ஆனவர். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில் அவரிடம்; பக்கத்து வகுப்பு என்னிடம். அவருடைய ஆசிரியர் பதிவு மட்டும் இன்னும் தற்காலிகமாகவே இருந்தது. எதைக் கற்பித்தோம், ஏன் கற்பித்தோம், பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று சான்றுகளோடு போர்ட்ஃபோலியோ ஒன்றைத் தயாரித்து மதிப்பிடும் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் நிரந்தரம். இல்லையென்றால் அடுத்த ஆண்டு அவர் வகுப்பறைக்குள் நுழைய முடியாது. கோதுமை வயல்களுக்கு நடுவில் கிடக்கும் எங்கள் பள்ளிக்கு வேறு ஆளும் லேசில் வரமாட்டார்கள்.

சான்றுக்குக் குறைவில்லை. கீரா என்றொரு சிறுமி, புத்தகத்தைத் திறந்தாலே மேசைக்கடியில் போய்விடுவாள். நொலீன் அவளுக்கு ஆட்டுச் சந்தை விலை அறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் கீரா வீட்டு ஆடுகளும் இருந்தன. என்ன விலைக்குப் போயின என்று பார்க்கும் ஆசையில் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தவள், இப்போது கதைப் புத்தகங்களைக் கீழே வைப்பதில்லை. இதற்கு நொலீன் எழுதியிருந்த விளக்கம்: “கீரா வாசிக்கிறாள். எப்படியும் வாசித்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன்.”

தலைமையாசிரியர் கிரெய்க் அதைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் முறை எழுதியபோது பெருமை முழுவதும் கீராவின் அம்மாவுக்கும், பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கும், அந்த வருடம் பெய்த நல்ல மழைக்கும் போயிருந்தது.

நொலீனையும் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் ஒருவன் தன்னைத் தானே புகழ்ந்துகொண்டால், அந்தக் கால்பந்துப் பருவம் முடியும்வரை ஊர் கிளப்பில் தலைகாட்ட முடியாது.

கிரெய்க்கும் நொலீனும் இதே பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். காலைத் தேநீர் நேரத்தில் கிரெய்க் போர்ட்ஃபோலியோவைத் தூக்கிக்கொண்டு நொலீனிடம் வந்தார்.

“இத எவன் படிச்சாலும், இவள எதுக்குடா வேலைல வச்சிருக்கன்னு என்னத்தான் கேப்பான்.”

“நானும் அதத்தான் ரொம்ப நாளா யோசிக்கிறேன்” என்றார் நொலீன்.

“போன மாசம் நாய் ஒண்ணு வித்தியே, விளம்பரத்துல என்ன எழுதின?”

நொலீனின் முகம் மலர்ந்துவிட்டது. வெயிலில் நாள் முழுக்க நிற்கும், ஆட்டை மிரட்டாது, மந்தையிலிருந்து ஒன்று பிரிந்தால் போய்ச் சேர்த்துக்கொண்டு வரும், இடி இடித்தால் மட்டும் வண்டிக்கடியில் படுத்துக்கொள்ளும் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

“இப்படிப் பீத்திக்க வெக்கமா இல்ல?”

“போடா. அதுல என்ன பீத்தல்? வாங்கறவனுக்குத் தெரிய வேணாமா?”

கிரெய்க் போர்ட்ஃபோலியோவை அவர் முன்னால் நகர்த்திவிட்டு, தன் தேநீர்க் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

திங்கட்கிழமை வந்த எழுத்தில் முதன்முறையாக ‘நான் கற்பித்தேன்’ என்று இருந்தது. செய்தது, பலித்தது, பலிக்காதது எல்லாம் வறட்டு வரிகளில். பின்னக் கணக்கு நடத்தும்போது தனக்கே வியர்க்கிறது என்பதும், அதற்காக வேறொரு ஆசிரியரிடம் பாடம் கேட்பதும்கூட இருந்தன. ஓரிடத்தில் “பிரிந்து போவதை மிரட்டாமல் கூட்டத்தில் சேர்ப்பேன்” என்றிருந்தது. நகல் எடுக்கும்போது பார்த்தேன். பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

குழுவில் கிரெய்க்கோடு சேர்ந்து உட்காரப் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஃபிலிப்பா ஸ்ட்ராங் என்ற ஆசிரியை வந்திருந்தார். நான் குறிப்பெழுத உட்கார்ந்தேன். ஃபிலிப்பா பக்கங்களை நிதானமாகப் புரட்டி, கீராவைப் பற்றிய பக்கத்தில் வந்து நின்றார்.

“எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க இல்லன்னா இந்தப் பொண்ணு என்ன ஆயிருப்பா?”

நொலீன் கிரெய்க்கைப் பார்த்தார். கிரெய்க் கூரையைப் பார்த்தார். பழைய பதில் நொலீனின் உதடுவரை வந்ததை நான் கண்டேன். அதை விழுங்கினார். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

“படிச்சிருக்க மாட்டா” என்றார். உடனே என் பக்கம் திரும்பி, “அத எழுதிக்காத” என்றார்.

நான் எழுதி முடித்திருந்தேன். ஃபிலிப்பா பேனாவைத் திறந்து கையெழுத்திடுவதற்குள், மைதானத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் முறை தன்னுடையது என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு நொலீன் வெளியே ஓடிவிட்டார். அன்றைய முறை என்னுடையது.