ட்ரம்ஸ் அடித்தவன் படத்தில் இல்லை

தம்பி ட்ரம்ஸ் அடிக்கச் சேர்ந்திருந்த பிரேசில்காரர்களின் ரொக் இசைக்குழுவை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. துறைமுகக் களஞ்சியத்தில் அவனோடு வேலை செய்த கிற்றார்காரன்தான் அவனை இழுத்துக்கொண்டு போனவன். வீட்டுக்கு வந்தால் அம்மாவைக்கூட விடாமல் கட்டிப்பிடிப்பான். இவ்வளவு அன்பு எதற்கு என்று எனக்கு யோசனை. அப்பாவோ அவனை வெறும் வேலைக் கூட்டாளி என்றே நினைத்திருந்தார்.

ரொக்ஸ்பரோவில் ஒரு நிலவறையில் வாசித்துப் பழகினார்கள். சின்னச் சின்ன பார்களில் வாசித்தார்கள். பிறகு ஒரு சீடி வந்தது. அதில் ஒரு பாட்டு பிரேசில் வானொலிகளில் கொஞ்சம் ஓடியது. ஆகா ஓகோ என்றில்லை. ஆனாலும் அங்கே சில நகரங்களில் வாசிக்க அழைப்பு வந்தது.

சீடி அட்டையைப் பார்த்தேன். ட்ரம்ஸ் குச்சியோடு நின்றவன் தம்பி இல்லை, பாடகனின் மச்சான். சுவரொட்டியிலும் அவனேதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன்னை அடிக்கவிட்டிட்டு ஆரோ ஒருத்தனைக் காட்டுறாங்கள். நல்லாப் பேய்க்காட்டுறாங்களடா!"

"சும்மா இருங்கோ அக்கா."

நான் சும்மா இருக்கிற ஆளா? அடுத்தமுறை வந்த கிற்றார்காரனைத் தம்பிக்கு முன்னாலேயே பிடித்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். அவன் விழித்தான். கமெராவைக் கண்டால் எழும்பிப் போவது தம்பிதானாம். தன்னைப் படம் எடுக்க வேண்டாம் என்று கெஞ்சினானாம்.

தம்பி தரையைப் பார்த்தான். "உங்களுக்குக் கலியாணம் பேசுகினமெல்லே. கர்க்லாண்ட் மாப்பிள்ளை வீட்டார் எங்களைப்பற்றி ஊரெல்லாம் விசாரிக்கினம். தம்பிக்காரன் பார் வழிய ட்ரம்ஸ் அடிக்கிறான் எண்டு தெரிஞ்சா விடுவினமே?"

எனக்கு அழுகை வந்தது. "இனி ஒளிக்காதை. நீயே பிரேசிலுக்குப் போ," என்றேன்.

"அங்கத்தைய ஆக்கள் அட்டையில இருக்கிறவனைத்தான் கேக்கினம், அக்கா. அவனும் இப்ப ஒரு மாதிரி அடிப்பான்."

இசைக்குழுவை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, தம்பி நேரே களஞ்சிய வேலைக்குப் போனான்.

அந்தக் கிழமையே மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பொடியன் எப்படி என்று தம்பியைப் பற்றி விசாரித்தார்கள். வேலையும் வீடும் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது என்றார் அப்பா, பெருமையாக. என்னையும் ஏதேதோ கேட்டார்கள். நானும் திருப்பிக் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் பதில் வந்தது. தம்பியில் ஒரு குறையும் சொல்ல இல்லையாம். பெட்டைக்குத்தான் வாய் கூடவாம்.